ஏழாவது குறிப்பு

ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை மதிப்பிடும் இரண்டாவது மதிப்பாய்வாளரான ‘ரிவியூவர் டூ’ யாரென்று கட்டுரை எழுதியவருக்குத் தெரியக் கூடாது. அதுதான் விதி. அவருடைய அறிக்கையில் ஏழாவது குறிப்பு வரைக்கும் அந்த ரகசியம் பத்திரமாகவே இருக்கும்.

ஏழாவது குறிப்பு இப்படிப் போகும்: “இத்துறையின் மிக முக்கியமான ஆய்வுகளைக் கட்டுரையாளர்கள் கவனிக்கத் தவறியது வருந்தத்தக்கது. கீழ்க்காணும் ஆறு கட்டுரைகளை அவசியம் மேற்கோள் காட்ட வேண்டும்.” ஆறிலும் ஒரே பெயர். வந்த கட்டுரை நண்டின் ஓட்டைப் பற்றியது. ஆறில் மூன்று தக்காளியின் இலைச்சுருட்டை நோயைப் பற்றியவை. என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. இரண்டிலும் புள்ளியியல் இருக்கிறதல்லவா!

அடுத்தவர் வீட்டுக் கல்யாண வாசலில் தன் பெயருக்கு மொய் நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற மனிதர் இவர். எழுதாமல் உள்ளே போக முடியாது. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸ் என்று ஒரு கணக்கைச் சொன்னார்: இருபது கட்டுரைகளுக்குத் தலா இருபது மேற்கோளாவது கிடைத்திருந்தால் உங்கள் எண் இருபது. பதவி உயர்வுக்கும் நிதி உதவிக்கும் அந்த எண்ணைப் பார்க்கிறார்கள் என்று ஆனபின் நம்மவருக்கு நோட்டை மூடவே மனம் வரவில்லை.

மிகைப்படுத்துவதாகத் தோன்றினால், 2019இல் ‘பயோஇன்ஃபர்மேடிக்ஸ்’ இதழின் ஆசிரியர்கள் எழுதிய தலையங்கத்தைப் படிக்கலாம். அவர்களுடைய மதிப்பாய்வாளர் ஒருவர் ஒவ்வொரு கட்டுரைக்கும் சராசரியாக 35 மேற்கோள்களைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அவற்றில் சுமார் 90 சதவீதம் சொந்தச் சரக்கு. இதழ் அவரை விலக்கிவிட்டது. ஆறோடு நிறுத்திக்கொள்கிறவர் அவர் பக்கத்தில் துறவி.

எழுதியவர்களும் லேசுப்பட்டவர்களல்ல. “மதிப்பாய்வாளரின் ஆழ்ந்த ஆலோசனைக்கு மனமார்ந்த நன்றி” என்று பதில் எழுதிவிட்டு, முன்னுரையில் ஒரு வரியைச் செருகுவார்கள்: ‘இது தொடர்பாகப் பல ஆய்வுகள் நடந்துள்ளன [14–19].’ நண்டின் ஓட்டுக்குள் தக்காளி இலை போய்ச் சேர்வது இப்படித்தான்.

மூன்று வாரக் கெடுவை ஐந்து மாதமாக இழுப்பதும் நம்மவர் வழக்கம்தான். இரண்டு பெண்கள் எழுதிய கட்டுரைக்கு, ஓரிரு ஆண் உயிரியலாளர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்ன இன்னொருவரை 2015இல் ‘பிளாஸ் ஒன்’ இதழ் நீக்கியது. அது சிரிக்கிற விஷயமல்ல.

நியாயமாகச் சொன்னால், இந்த வேலைக்குப் பெரும்பாலும் காலணா கிடையாது. சொந்த வகுப்பு, சொந்த ஆய்வு எல்லாம் முடிந்தபின் இரவில் உட்கார்ந்து அடுத்தவர் சமன்பாட்டைச் சரிபார்க்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. 1936இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் ஈர்ப்பலைகளே கிடையாது என்று எழுதியதை ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ ஒரு மதிப்பாய்வாளருக்கு அனுப்பியது. அவர் பத்துப் பக்கத்தில் பிழையைச் சுட்டிக்காட்டினார். ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பிறகு முடிவை மாற்றி வேறு இதழில் வெளியிட்டார். அந்த மதிப்பாய்வாளர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்பது உறுதியானது 2005இல்தான். அவர் போய்ச் சேர்ந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. தன் கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகத் தன் கட்டுரைகளைத் திணிக்கக் கூடாது என்று பதிப்பு நெறிக் குழுவான ‘கோப்’ தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. அதை நம்மவர் படிக்காவிட்டால் போகிறது; இதழின் எடிட்டர் படித்திருக்க வேண்டாமா? ஏழாவது குறிப்பை அடித்துவிட்டு அனுப்ப ஒரு நிமிடம் போதும். அவரோ “அனைத்துக் குறிப்புகளுக்கும் பதில் தேவை” என்ற ஒற்றை வரியோடு அப்படியே தள்ளிவிடுகிறார். வேலை நிரந்தரமாகாத இளம் ஆய்வாளர் யாரிடம் போய் முறையிடுவார்? சேர்த்துத் தொலைக்கிறார்.

திருத்திய கட்டுரை மறுபடி போகிறது. முதல் சுற்றுக்கு ஐந்து மாதம் எடுத்தவர் இந்த முறை இரண்டே நாளில் பதில் தந்துவிட்டார்: “மிகச் சிறப்பாக மேம்பட்டிருக்கிறது. வெளியிடலாம். சென்ற வாரம் வந்துள்ள பின்வரும் கட்டுரையையும் ஆசிரியர்கள் பார்ப்பது நலம்.”