தொப்பைக்குப் பட்டா யார் பேரில்?

கே: பச்சைத் தண்ணி குடிச்சாலே ஊதிடுறேன். இது பரம்பரை உடம்புதானே?
– இல்லத்தரசி, சங்கராபுரம்

ப: தண்ணீரில் கலோரி கிடையாதும்மா, தண்ணீருக்குத் துணையாக வந்த முறுக்கை விசாரியுங்கள். ஆனாலும் உங்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. எடையில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 40 முதல் 70 சதவீதம் வரை மரபணுவின் கைவரிசை என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். கனடாவில் கிளாட் புஷார் குழுவினர் 12 ஜோடி அச்சு அசல் இரட்டையருக்கு 84 நாட்கள், நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாகச் சோறு போட்டார்கள். 1990-இல் முடிவு வெளியானது. ஒருவருக்கு ஏறியது 4 கிலோ சொச்சம், இன்னொருவருக்கு 13. ஜோடிக்குள் மட்டும் இருவரும் ஏறக்குறைய ஒரே அளவு ஊதியிருந்தார்கள், அதுவும் ஒரே இடத்தில்!

கே: குண்டு ஜீன் இருக்கிறதா என்று டெஸ்ட் எடுக்கலாமா?
– கல்லூரி மாணவர், சின்னசேலம்

ப: நீங்கள் கேள்விப்பட்டது எஃப்.டி.ஓ.வாக இருக்கும். எடையோடு அதற்குள்ள தொடர்பு 2007-இல் பிடிபட்டது, அதன் ஒரு வகை முக்கியமாகப் பசியைக் கிளறிவிடும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த வகை வந்திருந்தால் சராசரியாக 3 கிலோ கூடும். மிச்சத்துக்கு நூற்றுக்கணக்கான ஜீன்களும், நீங்களும் பொறுப்பு. டெஸ்ட் காசில் நல்ல ஷூ வாங்குங்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டிப் பார்த்ததில், உடம்பை அசைப்பவர்களிடம் இந்த ஜீனின் செல்வாக்கு கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது.

கே: அண்ணன் வெள்ளிமலையில் சாமை விதைக்கிறார், குச்சி மாதிரி இருக்கிறார். நான் கள்ளக்குறிச்சியில் பரோட்டா கடை, தொப்பையோடு நிற்கிறேன். ஒரே வயிற்றில் பிறந்தும் ஜீன் எப்படி மாறியது?
– கடைக்காரர், கள்ளக்குறிச்சி

ப: ஜீன் மாறவில்லை தம்பி, நீங்கள் மலை இறங்கிவிட்டீர்கள். கூடப்பிறந்தவர்களுக்குச் சராசரியாகப் பாதி மரபணுதான் பொது என்பதால் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். ஆனால் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கணக்கெடுத்தவர்கள் கண்டதைக் கேளுங்கள்: 1942-க்கு முன் பிறந்தவர்களிடம் எஃப்.டி.ஓ.வுக்கும் எடைக்கும் சம்பந்தமே தெரியவில்லை. பிறகு பிறந்தவர்களிடம் நன்றாகத் தெரிந்தது. அதே ஜீன்தான். தட்டும் வேலையும் மாறியதும் அதற்கு வாய் முளைத்துவிட்டது. டூவீலரும் பாக்கெட் தீனியும் அண்ணன் இருக்கும் கல்வராயன் மலைக்கும் ஏறிவிட்டன; அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கே: கை, கால் மெலிவு, வயிறு மட்டும் பானை. எடை மெஷினோ 'நார்மல்' என்கிறது!
– ஆலை ஊழியர், மூங்கில்துறைப்பட்டு

ப: உங்களுக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் சேர்ந்து நிற்கும் படம் 2004-இல் 'லான்செட்' இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளே இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடையில் நிறையக் குறைந்தும், முதுகுத் தோலுக்கடியில் கொழுப்பை விட்டுக்கொடுக்காமல் இருந்தன. கருவில் கிடைத்த ஊட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது யாஜ்னிக்கின் வாதம். மரபணுவும் சும்மா இல்லை: 2008-இல் லண்டன்வாழ் இந்தியர்களை ஆராய்ந்தபோது, எம்.சி.4.ஆர். ஜீனுக்கு அருகிலுள்ள ஒரு மாறுபாடு இடுப்புச் சுற்றளவோடு சேர்ந்தே வந்தது. அதனால் மெஷினை நம்பாதீர்கள், தையல்காரரிடம் டேப் வாங்குங்கள். இந்தியர்களுக்கு எல்லை: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80.

கே: ஆணுக்கு வயிறு, பெண்ணுக்குத் தொடை. ஏனிந்தப் பாகுபாடு?
– ஆசிரியை, தியாகதுருகம்

ப: ஹார்மோனும் ஜீனும் போட்ட பாகப்பிரிவினை. கொழுப்பு எங்கே தங்கும் என்பதோடு தொடர்புள்ள 49 மரபணு இடங்களை 2015-இல் பட்டியலிட்டார்கள். அவற்றில் 20 ஆண்-பெண் பேதம் பார்ப்பவை, அதிலும் 19-க்குப் பெண்களிடம்தான் வேகம் அதிகம். தொடைக் கொழுப்பு சாது. வயிற்றுக்குள் சேர்வதுதான் சர்க்கரைக்கு வழி காட்டும். மாதவிடாய் நின்றபின் உங்கள் பங்கும் வயிற்றுக்குக் குடிபெயரும், கவனம்.

கே: பெண் பார்க்கப் போகிறேன். மாமியாரின் இடுப்பைப் பார்த்தால் பெண்ணின் எதிர்காலம் தெரியுமா?
– மாப்பிள்ளை, உளுந்தூர்பேட்டை

ப: ஓரளவு தெரியும். அதே நேரத்தில் அவர்கள் உங்கள் அப்பாவின் தொப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.