மை வைக்க மாட்டியா?

1996 கோடையில் ஒரு பாட்டா செருப்பு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மயிலாப்பூரைச் சுற்றி வந்தேன். டப்பாவின் மூடியில் பிளேடால் கீறிய ஒரு வாய். பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவால் 'ரகசியம்' என்று எழுதியிருந்தேன். அது மட்டும் என் சொந்தச் சரக்கு.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். தேர்தல் கருத்துக்கணிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள், ஒரு படிவத்துக்குப் பதினைந்து ரூபாய் என்று நண்பன் சொன்னான். தி.நகரில் ஒரு மொட்டைமாடி அறையில் அரைநாள் பயிற்சி. வாக்காளர் பட்டியலில் யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று முன்பே குறித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஆள் இல்லாவிட்டால் மறுபடி போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, 'அப்படியா?' என்றுகூடக் கேட்கக் கூடாது. யாருக்கு ஓட்டு என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் வாய்ப் பதில் கிடையாது. மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அவர் டிக் அடித்து, மடித்து, டப்பாவில் போடுவார்.

சீட்டின் பின்பக்கத்தில் படிவ எண்ணைப் பென்சிலில் சின்னதாகக் குறித்திருப்போம். ராத்திரி டப்பாவைத் திறந்து, எந்தச் சீட்டு எந்தப் படிவம் என்று ஒட்டிப் பார்ப்போம். ரகசியத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

மாட வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டில், ஏஜிஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா அகப்பட்டார். நான் அவரைக் கேள்வி கேட்பதற்கு முன் அவர் என்னைக் கேட்டு முடித்தார். எந்த ஊர், அப்பாவுக்கு என்ன உத்தியோகம், எந்தத் தெரு, இதற்கெல்லாம் சம்பளம் உண்டா. பிறகு, "எழுதிக்கோடா அம்பி" என்று ஆரம்பித்தார். மாநிலத்தின் முக்கியப் பிரச்சினை எது என்ற கேள்விக்குப் படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. விலைவாசி, ஊழல், தண்ணீர், மதுவிலக்கு, மற்றவை. மாமா ராஜாஜியில் தொடங்கி, 1971-ல் மதுக்கடை திறந்தது வழியாக, கிருஷ்ணா நதித் தண்ணீர் ஏன் இன்னும் பட்டணத்துக்கு வரவில்லை என்பது வரைக்கும் வந்தபோது இரண்டாவது டவரா காபி ஆறிப்போயிருந்தது. நான் 'மற்றவை' என்று போட்டேன். உள்ளே மாமியிடம் கேட்க வேண்டிய படிவம் ஒன்று தனியாக இருந்தது. "அவளுக்கும் அதேதான், போட்டுக்கோ" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் பக்கிங்காம் கால்வாய்க் கரைக்குப் போனேன். இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மாள் என்னைப் பட்டா கொடுக்க வந்த சர்க்கார் ஆள் என்றே முடிவு கட்டிவிட்டார். ஆட்சி எப்படி என்றால் நல்ல ஆட்சி. ரேஷன் எப்படி என்றால் நல்ல ரேஷன். முக்கியப் பிரச்சினை ஒன்றும் இல்லை. அவர் பின்னால் ஒன்பது பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. சீட்டைக் கொடுத்துத் திரும்பி நின்றேன். மடித்து, மடித்து, வெற்றிலைப் பாக்குப் பொட்டலம் மாதிரி ஆக்கி டப்பாவுக்குள் தள்ளினார். தள்ளிவிட்டு இடது கையை நீட்டினார்.

"இன்னாப்பா, மை வெக்க மாட்டியா?"

ராத்திரி அந்தப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே உதய சூரியன். நல்ல ஆட்சிக்கு நேர் எதிரே டிக். அந்த வரிசையில் இன்னும் பல சீட்டுகள் அப்படித்தான் இருந்தன. முடிவும் அப்படியே வந்தது. 234-ல் 221 இடம் தி.மு.க., த.மா.கா. அணிக்கு; அ.தி.மு.க.வுக்கு நான்கே நான்கு. அந்த வருஷம் கருத்துக்கணிப்பே தேவையில்லை, ஒரு ஆட்டோவில் ஏறி இறங்கினால் போதும் என்பது வேறு விஷயம்.

ஓட்டுப்பதிவு அன்று அந்த மாமா வீட்டு வழியாகப் போனேன். ஈஸிசேரில் இருந்தார். "கியூ நீளமா இருக்குடா. வெயில் வேற" என்றார். ஒன்றரை மணி நேரக் கருத்து ஈஸிசேரிலேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு மயிலாப்பூர் தேர்ந்தெடுத்தவர்களைப் பாருங்கள். 2001-ல் தி.மு.க. கூட்டணியில் நின்ற பா.ஜ.க.வின் கே.என். லட்சுமணன், 2006-ல் நாடக மேடையிலிருந்து எஸ்.வி. சேகர், 2016-ல் முன்னாள் டி.ஜி.பி. நட்ராஜ். எந்தச் செருப்பு டப்பாவும் இந்த வரிசையை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

கணிப்பு என்றால் சிரிப்பாகவே பேசிக்கொண்டிருந்த எங்கள் கூட்டம் ஒரே ஒரு முறை வாயடைத்துப் போனது. 2007 மே மாதம், கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கேள்விக்கு ஸ்டாலின் 70 சதவீதம், அழகிரி 2 சதவீதம் என்று 'தினகரன்' வெளியிட்டது. 9-ஆம் தேதி அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு, தீவைப்பில் ஊழியர் மூவர் இறந்தார்கள். கேள்வி கேட்டதும் அவர்களில்லை, பதில் சொன்னதும் அவர்களில்லை.

வாக்குப்பதிவு முடியும்வரை எக்ஸிட் போல் வெளியிடக் கூடாது என்று பிறகு சட்டத்தில் 126ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 2016-ல் அந்தத் தடை நேரம் முடிந்ததும் டி.வி.யில் வந்த கணிப்புகளில் பெரும்பாலானவை தி.மு.க. என்றன. எண்ணிப் பார்த்தால் அ.தி.மு.க.வுக்கு 134. இப்போது பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க ஆளில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் அடையாறில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். கணிப்பு போனிலேயே வருகிறது. 2024 தேர்தலின்போது ஒரு பதிவு செய்த பெண் குரல், இன்னாருக்கு எண் ஒன்றை அழுத்தவும் என்றது. கேஸ் சிலிண்டர் என்று நினைத்து ஒன்றை அழுத்தினேன். எந்தக் கட்சிக்கு எவ்வளவு ஏறியதோ. நேரில் வருகிறவர்களும் இன்னும் உண்டு. கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. வாட்ச்மேன் இன்டர்காமில் கேட்பார். "வீட்ல இல்லைன்னு சொல்லுங்க" என்பேன், நான்தான்.

அந்த வருஷம் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. மூன்று நாள் லீவு சேர்ந்து வந்தது. நாங்கள் ஏற்காட்டில் இருந்தோம். அன்று மாலை மாநிலத்தில் 72.09 சதவீதம் பதிவு என்று அறிவித்தார்கள். பிறகு அது 69.46 ஆக இறங்கியது. 67-க்கு மேல் என்று சொல்லப்பட்ட தென் சென்னை 54-க்கு வந்து நின்றது. எல்லாச் சாவடிகளும் செயலியில் தகவல் ஏற்றவில்லை, ஏற்றிய சிலரை வைத்துப் போட்ட கணக்கு என்று விளக்கம். தலையை எண்ணும் வேலையே கருத்துக்கணிப்பு ஆகிவிட்டதே என்று ஏற்காட்டிலிருந்தே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதினேன். பலர் கட்டைவிரல் காட்டினார்கள்.

அடுத்த வாரம் லிஃப்ட் வாசலில் ஒரு பெண் என்னை மடக்கிவிட்டாள். கல்லூரி வயதுதான். "சார், ரெண்டே நிமிஷம் சார்." வெயிலில் வந்த முகம். மேலே கூட்டிப் போனேன். இலவசப் பேருந்து, மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய், நீட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தி இல்லை. அந்த ஆயிரத்தை வாங்குகிறவரும் அந்தப் பஸ்ஸில் வருகிறவரும் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள்தான். கண்ணகி நகரிலிருந்து வருகிறார். கேள்வி நடக்கும்போது ஈரக் கையோடு குப்பைப் பையை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். இடது ஆள்காட்டி விரல் நகத்தில் மை. பட்டியலில் அவர் பெயர் இல்லை போலிருக்கிறது. அந்தப் பெண்ணும் விதிப்படி திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓட்டுப் போட்டீங்களா சார்?"

"போட்டேனே."

அவள் என் இடது கையைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். சிரிக்கவில்லை, தலையாட்டவில்லை. எங்கேயோ நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். திரையில் 'ஆம்' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். மாநிலத்தின் முக்கியப் பிரச்சினை என்று எதை நினைக்கிறீர்கள்?

"உக்காரும்மா" என்றேன். "காபி குடிப்பதானே? எழுதிக்கோ."