உடும்புப் பிடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீதிக்காரர்கள் கறிக்கடைக்குச் சுற்றுவழியில்தான் போவார்கள். நேர்வழியில் ஜிப்ஸிக்காரர் வீடு இருக்கிறது. அதைத் தாண்டும்போது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வரும்: "ஏனுங் தம்பி, ஒரு நிமிசம் ஏறி உக்காந்து பிரேக்கை மிதிச்சு உடறீங்களா?" அவருடைய ஒரு நிமிடம் முடிந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தால் கொக்கியில் வால் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

கோவை வடவள்ளியில் இருக்கும் இவருக்குப் பெயர் தேவையில்லை. பழைய ஜீப்போ ஜிப்ஸியோ வைத்துக்கொண்டு அதை ஓட்டுவதைவிட அதிக நேரம் அதன் அடியில் படுத்திருக்கிற ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் என்றால் தென்னந்தோப்புக்காரராக இருப்பார், திருப்பூரில் பனியன் கம்பெனி, எங்கள் வீதியில் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். தொழில் மாறும், நகக்கண் மாறாது. கல்யாணத்தில் மொய்க் கவர் கொடுக்கும்போது இவர் பெயர் எழுத மறந்தாலும் பரவாயில்லை. கவர் மேல் கருப்பாகக் கட்டைவிரல் ரேகை இருக்கும், மணமகன் வீட்டார் புரிந்துகொள்வார்கள்.

இவருடையது 1998ஆம் வருடத்து ஜிப்ஸி கிங். மாருதி 1985இல் ஜிப்ஸியைக் கொண்டுவந்தது. 1996இல் 1300 சிசி எஞ்சின் வைத்து அதற்குக் 'கிங்' பட்டம் கட்டியது. அதற்கப்புறமும் இருபது வருடத்துக்கு மேல் முகத்தை ஏறக்குறைய மாற்றாமல் விற்றார்கள். ராணுவம் வாங்கியது, போலீஸ் வாங்கியது, பிறகு இவர் வாங்கினார். லாரிக்கு வைப்பதுபோல் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். இதில் ஐந்து கிலோமீட்டர் போனால் காலையில் தின்ற இட்லி மறுபடி மாவாகிவிடும். "ரோட்டைத் தொட்டுப் பாத்த மாதிரி இருக்குதுங்களா?" என்று கேட்பார். இருக்கும். எந்த இடத்தால் தொட்டோம் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

காட்டு டயர், முன்னால் இழுவைக் கயிறு சுற்றிய வின்ச், ஆற்றைக் கடக்கும்போது எஞ்சின் மூச்சு விடுவதற்காகக் கூரை வரை நிமிர்ந்து நிற்கும் ஸ்நார்க்கல் குழாய் எல்லாம் உண்டு. எங்களுக்கு அருகில் இருக்கும் ஆறு நொய்யல். வருடத்தில் பல மாதம் அதைச் செருப்பு நனையாமல் தாண்டலாம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் கியரை அவர் போட்டு நான் பார்த்தது ஒரே முறை, ஒரு புதுமனை புகுவிழாவில் ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்துச் சேற்றில் சிக்கியபோது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த களையை வீட்டுக்காரர் முகத்தில்கூட நான் பார்க்கவில்லை.

வால்பாறை போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் திட்டம். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. மூன்று வருடமாக "அடுத்த மாசம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி மலையேறியது என்றால் அது மருதமலைதான். அங்கிருந்து திரும்பிய ஒரு சாயங்காலம்தான் சங்கதி ஆரம்பித்தது.

ஸ்டீரிங் கிளீனர் சைடு இழுத்ததாம். வீட்டு வாசலில் நிறுத்தியபோது எரிந்த ரப்பரும் சூடான இரும்பும் கலந்த ஒரு வாடை. இறங்கி வந்து முன்சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். டிரைவர் சைடு வெதுவெதுப்பு. கிளீனர் சைடில் கையை வைக்க முடியவில்லை. சொம்பிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தார், 'சொய்ங்' என்றது. வாசலில் நின்ற அவர் வீட்டம்மா, "பதம் வந்துருச்சாட்டருக்குது, ரெண்டு தோசை ஊத்தட்டுங்களா?" என்றார். இந்த இனத்து மனிதர்களைக் கட்டிக்கொண்ட பெண்களுக்கு இப்படி ஒரு வாய் தானாக முளைத்துவிடுகிறது.

மற்ற மனிதனாக இருந்தால் முகம் வாடியிருக்கும். இவருக்கு மலர்ந்தது. ஒர்க் ஷாப்புக்கு விடலாமே என்றேன். கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"காலிபர் ஜாம் ஆகிப்போச்சுங் தம்பி. காலிபர்ன்னா என்னன்னு தெரியுமுங்களா?"

தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். சட்டென்று என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். "இது டிஸ்க்குன்னு வெச்சுக்குங்க." கட்டைவிரல் ஒரு பேட், மற்ற நாலு விரலும் இன்னொரு பேட். பிரேக்கை மிதித்தால் ஆயில் வந்து காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் உள்பக்கத்துப் பேடை டிஸ்க் மேல் அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிபர் முழுவதுமே இரண்டு பின்கள் மேல் வழுக்கி வந்து வெளிப்பக்கத்துப் பேடையும் அழுத்தும். இரண்டு பக்கமும் கவ்வியாயிற்று. காலை எடுத்தால்?

"ஸ்பிரிங் இழுக்குமா?" என்றேன்.

"ஸ்பிரிங்கே கெடையாதுங்!" அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டாக ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது ரப்பர் லேசாகத் திருகிக்கொள்ளும். ஆயிலின் அழுத்தம் குறைந்ததும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை பின்னால் இழுத்துக்கொண்டு வரும். அவ்வளவுதான், அந்த மயிரிழையில்தான் சக்கரம் சுற்றுகிறது. பிஸ்டன் துருப்பிடித்தாலோ, ரப்பர் கெட்டுப்போனாலோ, பின்கள் காய்ந்துபோனாலோ பிடித்த பிடி விடாது.

இதையெல்லாம் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது. என் மணிக்கட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. விடும் பாகத்தைச் செய்து காட்ட மறந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு வண்டி ஜாக்கி மேல் ஏறியது. சீல் கிட் உள்ளூரிலேயே கிடைத்தது. ஆனாலும் சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், தாலி கட்டும் நேரத்தில் நழுவி, ஜி.பி. ரோட்டில் இன்னொரு கிட்டும் புதுப்பேட்டையில் ஒரு பழைய காலிபரும் வாங்கிவந்தார். காசிக்குப் போனவர்கள் கங்கைச் சொம்பைக் காட்டுவதுபோல் வீதியில் எல்லாருக்கும் காட்டினார்.

பிஸ்டனைக் காலிபருக்குள்ளிருந்து வெளியே எடுப்பது தனிக் கலை. காலிபரைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனோம். (ஆமாம், 'போனோம்'. அதற்குள் நான் உதவியாளனாக நியமனம் ஆகியிருந்தேன்.) பிஸ்டனுக்கு எதிரில் ஒரு மரக்கட்டையை வைத்து, ஆயில் வரும் ஓட்டையில் காற்றடிக்க வேண்டும். பஞ்சர் கடைப் பையன் கொஞ்சம் தாராளமாக அடித்தான். 'டப்'பென்று தோட்டா மாதிரி வந்து கட்டையில் மோதியது. கட்டை இல்லாவிட்டால் அவனுடைய விரல் அங்கே இருந்திருக்கும். பழைய பிரேக் ஆயில், டீத்தூள் கசடு நிறத்தில், என் சட்டை மேல் அபிஷேகமாக விழுந்தது. "நல்லவேளை, வண்டிப் பெயிண்ட் மேல படலைங்" என்றார் ஜிப்ஸிக்காரர். பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும். சட்டையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

பிஸ்டனின் விளிம்பில் அம்மைத் தழும்புபோலத் துருப் புள்ளிகள். அதைக் கண்டதும் அவர் போட்ட 'ஆஹா', ஜாதகத்தில் தோஷத்தைக் கண்டுபிடித்த ஜோசியர் போடுவது. முலாம் அரித்துப்போன பிஸ்டனைத் தேய்ப்பதில் பயனில்லை, புதிதுதான் போட வேண்டும் என்று பஞ்சர் கடைப் பையனுக்கே தெரிந்திருந்தது. இவர் ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரை வைத்து இரண்டு நாள் தேய்த்தார். ஊறப்போடுவதற்கு வீட்டம்மாவின் எவர்சில்வர் போசி போனது. அதில் மண்ணெண்ணெய் வாடை இன்னும் இருப்பதாகக் கேள்வி. அந்த வீட்டில் பாயசம் கொடுத்தால் நான் இப்போதும் எந்தப் பாத்திரம் என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

எல்லாம் பூட்டியான பிறகு 'ஏர் எடுக்கும்' படலம். லைனுக்குள் காற்று இருந்தால் பிரேக் மிதி பஞ்சுமாதிரி அமுங்கும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். எங்கள் வீதியில் இதற்காக அவர் காலைப் பிடிக்காத ஆளில்லை.

"மிதிங்... மிதிங்... மிதிங்... பிடிங்! அப்படியே பிடிச்சுக்குங், விடக்கூடாதுங்... ம், இப்ப விடுங்."

நான் 'விடக்கூடாதுங்' என்பதில் முதல் பாதியைக் கேட்டு விட்டுவிட்டேன். போன காற்று குழாய் வழியே திரும்ப உள்ளே வந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் பழையபடி தோசைக்கல். கழற்றிப் பார்த்தால் காலிபர் வழுக்கும் பின்களின் ரப்பர் உறைகள் பணியாரம்போல் உப்பியிருந்தன. வீட்டுக் கேட்டின் கீல், சைக்கிள் செயின், கிணற்று உருளை எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருக்கும் ஒரே டப்பா கிரீஸை இதற்கும் தடவியிருக்கிறார். அது பெட்ரோலிய கிரீஸ், பிரேக் ரப்பருக்கு எமன். இதற்கென்று சிலிக்கான் கிரீஸ் தனியாக உண்டு. பிரேக் ஆயில் என்பதே பெயரில்தான் ஆயில். அதில் எஞ்சின் ஆயில் கொஞ்சம் கலந்தாலும் ரப்பரெல்லாம் ஊதிவிடும். நான் இவ்வளவு தெரிந்துகொண்டு பேசுவதைக் கவனித்தீர்களா? இந்த நோய் தொற்றும்.

இரண்டாவது முறை கழற்றல். புதுப் பிஸ்டன், புது ரப்பர், சரியான கிரீஸ், டாட் 3க்குப் பதிலாக டாட் 4 ஆயில். "பழசு 205 டிகிரியில கொதிக்கும், இது 230 வரைக்கும் தாங்குமுங். ஆனா ரெண்டுமே காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும், குடிச்சுட்டா சீக்கிரம் கொதிச்சுரும்." குடித்தவன் சீக்கிரம் கொதிப்பது ஆயிலுக்கு மட்டும் உரிய குணமா என்ன. அவ்வளவும் செய்து, வீதியைச் சுற்றி நாலு ரவுண்டு போய் வந்தால், கிளீனர் சைடு மறுபடியும் சூடு.

இந்தக் கட்டத்தில் சாதாரண மனிதன் வண்டியை விற்றுவிடுவான். இவர் மூன்றாவது கிட் வாங்கக் கிளம்பினார். வழியில் வெல்டிங் பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மெக்கானிக் தம்பி, இருபத்திரண்டு வயதிருக்கும், புலம்பலைக் கேட்டுவிட்டு, "நிப்பிளைத் திறந்து பாத்தீங்களாங்ணா?" என்றான்.

வண்டிக்கு வந்தான். சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை ஒரு மிதி மிதித்து விடச் சொன்னான். சக்கரம் இறுகி நின்றது. நிப்பிளை அரைத்திருகு தளர்த்தினான். ஆயில் சிறுபிள்ளை ஒன்றுக்குப் போவதுபோல் ஒரு பீச்சு பீச்சியது. சக்கரம் கையால் தொட்டதும் ராட்டினமாகச் சுற்றியது.

"காலிபர் நல்லா இருக்குதுங்ணா. ஆயில்தான் திரும்பிப் போக மாட்டேங்குது. ஓஸ் போச்சு."

பிரேக் ஓஸ் வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும். வயதானால் உள்பக்கத்து ரப்பர் வீங்கித் துவாரத்தை அடைத்துவிடும். மிதிக்கும்போது கால் பலத்தில் ஆயில் முண்டியடித்துப் போய்விடுகிறது. திரும்பி வரும்போது பின்னாலிருந்து தள்ள ஆளில்லை. அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது, கோடை லீவுக்கு வந்த ஒரம்பரை மாதிரி. இரண்டு மாதம், இரண்டு கிட், ஒரு போசி, ஒரு சட்டை. ஓஸ் மாற்ற அரைமணி நேரம் ஆனது.

ஜிப்ஸிக்காரர் கொஞ்ச நேரம் பழைய ஓஸைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் மொதல்லயே ஓஸ்மேல ஒரு கண்ணு வெச்சிருந்தனுங்" என்றார். அடுத்த வாரம் ஒரு வளைகாப்பு வீட்டில் அவர் இந்தக் கதையைச் சொல்லும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். அதில் மெக்கானிக் தம்பி வரவில்லை.

வண்டி சரியானதில் ஒரு சிக்கல், வால்பாறை போகாமலிருக்கக் காரணம் இல்லாமல் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை விடியலில் அவர், நான், அடுத்த வீட்டு வாத்தியார், அவருடைய மச்சினன் என்று நாலு பேராகக் கிளம்பினோம். ஏறினோம், தேயிலையைப் பார்த்தோம், டீ குடித்தோம். இறக்கத்தில்தான் வேடிக்கை. செகண்ட் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, பிரேக்குக்கு அதிகம் வேலையில்லை. ஆனாலும் ரெண்டு மூணு வளைவுக்கு ஒருதரம் ஓரங்கட்டி இறங்கி, நாலு சக்கரத்தையும் வரிசையாகத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல்கார வார்டில் ராத்திரி டியூட்டி நர்ஸ்போல. எல்லாம் ஒரே சூடு. வாடை இல்லை, இழுப்பு இல்லை. முப்பதாம் வளைவு தாண்டியதும் பேச்சு குறைந்தது. பதினைந்தில் சுத்தமாக நின்றுவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஒன்பதாம் வளைவில் கீழே ஆழியாறு அணை விரிந்து கிடந்தது. ஜனங்கள் அணையையும், பாறையில் நின்ற இரண்டு வரையாடுகளையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் இறங்கினோம். திடீரென்று ஜிப்ஸிக்காரர் மூக்கை உயர்த்தினார். எரிந்த ரப்பர், சூடான இரும்பு. இருபதடி தள்ளி வேறொரு பழைய ஜிப்ஸி. அதன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு ஒரு மனிதர் குந்தியிருந்தார்.

எங்களவர் நடந்து போகவில்லை, ஓடினார்.

"ஏனுங், கிளீனர் சைடு பிடிக்குதுங்களா?"

அவர் நிமிர்ந்து, "ஆமாங்க, ரெண்டு தரம் காலிபரை..." என்று ஆரம்பிப்பதற்குள் மணிக்கட்டு சிக்கிவிட்டது. "இது டிஸ்க்குன்னு வெச்சுக்குங்க."

முக்கால்மணி நேரம் பார்த்தோம். வாத்தியார் ஒருமுறை போய்க் கூப்பிட்டார். அவரை ஏற்றி உட்காரவைத்து மிதிக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் எப்படியோ தப்பித்து வந்ததும், நாங்கள் மூன்று பேரும் பொள்ளாச்சி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டோம்.