டைவர்ஸ் உங்களுக்குத்தான், தவணைக்கு இல்ல

பிரியறதுன்னு முடிவாயிருச்சு. சரி தம்பி, நான் தடுக்க வரல. பேராவூரணிப் பக்கத்துலேருந்து மகன் வீட்டுக்குன்னு சேலையூர் வந்து உக்காந்த கெழவன் நான். சாயங்காலம் கேம்ப் ரோட்டுல டீ குடிக்கப் போனா, பக்கத்து பெஞ்சுல எவனாவது ஒருத்தன் போன்ல வக்கீலப் புடிச்சுக்கிட்டு, "நகை அவகிட்ட, லோன் என் தலையில"ன்னு பொலம்பிக்கிட்டு இருக்கான். கேட்டுக் கேட்டு எனக்கே பாதிச் சட்டம் வந்துருச்சு. மீதிப் பாதிக்கு நீங்க வக்கீலுக்கு அழுதுதான் ஆகணும்.

மொதல்ல ஒண்ணு கேக்குறேன். மேடவாக்கத்துல அந்த ரெண்டு பெட்ரூம் வீட்ட வாங்கயில ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டீங்கல்ல, என்னான்னு படிச்சீங்களா? கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேருக்கு முன்னால 'திரு' விட்டுப்போச்சுன்னு மறுபடி அச்சடிச்ச பரம்பரை உங்க பரம்பரை. லோன் பத்திரத்துல மட்டும் அவன் பென்சில்ல டிக் அடிச்ச எடத்துல எல்லாம் கண்ண மூடிக்கிட்டுப் போட்டுத் தள்ளிட்டீங்க. அதுல எழுதியிருக்கறது, கடன் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" உங்களோடதுன்னு. ஆளுக்குப் பாதின்னா நெனச்ச? ஆளுக்கு முழுசு. பேங்குக்காரனுக்கு நீங்க ஒரே நுகத்தடியில பூட்டுன ரெண்டு மாடு. ஒண்ணு படுத்துக்கிட்டா மத்தது மொத்த வண்டியையும் இழுக்கணும்.

"வீடும் அவருக்கு, தவணையும் அவரே கட்டுவாருன்னு கோர்ட்டுல எழுதி வாங்கிக்கறோம் தாத்தா"ங்குற. நல்ல காரியம் ஆத்தா. அந்த வழக்குல பேங்கு கட்சிக்காரனா இருப்பானா? மாட்டானே. நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குள்ள எழுதிக்கறது அவன எப்படிக் கட்டுப்படுத்தும்? தம்பி 90 நாள் தவணை தவறுனா அது வாராக்கடன். அப்புறம் 2002ல போட்ட சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீசு. அது ஒன் பேருக்கும் வரும், நீ பொறந்த வீட்டு வாசலுக்கே வரும். அதுக்கு முன்னாடியே சிபில்ல கறை விழுந்துரும். 300லேருந்து 900 வரைக்கும் மார்க்கு போடுறானாமே, அவன்தான். தவணை தப்புனது ரெண்டு பேர் கணக்குலயும் ஏறும். நீ நாளைக்கு ஒரு ஸ்கூட்டி லோன் கேட்டுப் போனா, கட்டாத வீட்டுக் கடன் ஒனக்கு முன்னால போய் கவுண்டர்ல உக்காந்திருக்கும்.

அப்ப என்ன வழின்னா, வித்து அடைச்சுட்டு மிச்சத்தப் பிரிச்சுக்கறது ஒண்ணு. இல்லன்னா வச்சுக்கறவன் தன் ஒத்தச் சம்பளத்தக் காட்டி, கடனத் தன் பேருக்கு மட்டும் மாத்திக்கணும். இந்த பேங்கு ஒத்துக்கலன்னா வேற பேங்குக்குக் கொண்டுபோகணும். ரெண்டு சம்பளத்தப் பாத்துக் குடுத்த கடன ஒத்தச் சம்பளத்துக்கு விட அவன் யோசிப்பான், அது அவன் பொழப்பு. ஆனா அவன் "இனி இந்தப் பொண்ணு கடன்காரி இல்ல"ன்னு லெட்டர் குடுக்குற வரைக்கும், எந்தத் தீர்ப்பையும் லாமினேட் பண்ணி மாட்டாதீங்க.

பத்திரத்துல பேரு ரெண்டு இருக்கு, அது தனிக் கதை. உன் பங்க அவருக்கு விட்டுக்குடுக்குறன்னா விடுதலைப் பத்திரம் போடணும். குடும்பத்துக்குள்ளன்னா நம்ம தமிழ்நாட்டுல 2023 ஜூலையிலேருந்து முத்திரைத்தீர்வை 1 சதவீதம், ஒசந்தபட்சம் 40,000 ரூபா. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், ஒசந்தபட்சம் 10,000. கிரயம்னு போனா 7 சதவீதம், அது மேல 2 சதவீதம். புருஷன் பொண்டாட்டியா இருக்கறப்பவே போட்டுட்டா குடும்பக் கணக்கு. தீர்ப்பு வந்தப்புறம் போய் நின்னா, "நீங்க இப்ப என்ன உறவு?"ன்னு சார்பதிவாளர் கேப்பாரு. ரெண்டு பேரும் மொகத்த மொகம் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான். பாருங்க, கல்யாணத்தால உங்களுக்குக் கெடைக்கிற கடைசி லாபம் இந்தத் தள்ளுபடிதான். அதையும் விட்டுடாதீங்க.

பரஸ்பர சம்மதம்னு மனுப் போட்டா ஆறு மாசம் காத்திருக்கச் சொல்லுதுல்ல சட்டம்? 2017ல உச்ச நீதிமன்றம், தேவைப்பட்டா கோர்ட்டு அதத் தள்ளுபடி பண்ணலாம்னு சொல்லிருச்சு. ஒடனே குதிக்காதீங்க. ஜீவனாம்சம், பிள்ளை, மத்த பாக்கி எல்லாம் நெசமா பேசித் தீத்துட்டு வந்தாத்தான் அந்தச் சலுகை. கணக்கு முடிச்சவனுக்குத்தான் அவசரப்பட உரிமை. பேசத் தெரியலன்னா சமரச மையம் இருக்கு. நாட்டுலயே கோர்ட்டோட சேந்த மொத மையம் 2005ல நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துலதான் தொறந்தாங்க. அங்க போய் அவ அம்மா என்ன சொன்னா, உன் அக்கா என்ன சொன்னான்னு ஆரம்பிக்காம, கடன் பட்டியல எடுத்து மேசையில வை.

பட்டியல் எப்படிப் போடறதுன்னு தெரியாதா? அதுக்கும் படிவம் இருக்கு. 2020 நவம்பர் 4ஆம் தேதி, ரஜ்னேஷ் எதிர் நேஹான்னு ஒரு தீர்ப்பு. பேரக் கேட்டா காதல் படம்னு நெனப்ப. ஜீவனாம்ச வழக்குன்னா ரெண்டு பேரும் சொத்து, கடன், சம்பளம், செலவு எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா குடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. பொய் எழுதுனா தனியா மாட்டுவீங்க. அதுல எனக்குப் புடிச்ச சங்கதி, டவுன்காரனுக்கு ஒரு படிவம், வெவசாயிக்கு ஒரு படிவம். எங்க படிவத்துல எருமை, பசு, ஆடு, கோழி எத்தன, அதுல வரும்படி என்னன்னு கேக்குது! உச்ச நீதிமன்றத்துக்கே எங்க வீட்டுக் கோழி மேல அக்கறை இருக்கறப்ப, உங்க கிரெடிட் கார்டு பாக்கிய மறைக்கலாம்னு பாக்குறீங்களே.

மறைக்கவும் முடியாது. தம்பி "தவணை முழுக்க நான்தான் கட்டுனேன்"ங்குறான். ஆனா வருசா வருசம் வருமான வரிக் கணக்குல, ரெண்டு பேரும் வட்டிக்கு ஆளுக்கு 2 லட்சம் வரைக்கும் கழிச்சிருக்கீங்க. வரி ஆபீசுக்கு ஒரு கதை, குடும்பக் கோர்ட்டுக்கு ஒரு கதைன்னா எந்தக் கதைய நம்புறது? மொதல்ல பேங்க் ஸ்டேட்மெண்ட எறக்கு. ஜிபேல அனுப்புனது, அப்பா அட்வான்சுக்குக் குடுத்தது, எல்லாம் தேதியோட அதுல இருக்கும். 2015 வெள்ளத்துல முடிச்சூர் ஜனம் கெரயப் பத்திரத்த மொட்டை மாடியில காயப் போட்டத மறந்துறாதீங்க. நகல் எடுத்து ஆளுக்கு ஒரு செட்டு வச்சுக்கங்க.

இதுல இன்னொரு கூத்து. லோன் கணக்குல பதிஞ்சிருக்குற செல் நம்பர் தம்பியோடது. ஸ்டேட்மெண்ட் வேணும்னா ஆத்தா அவனுக்குத்தான் போன் போடணும். "ஓடிபி சொல்லுங்க." "4, 7, 1..." அவ்வளவுதான் பேச்சு. பத்து வருசக் குடும்பத்துல இவ்வளவு ஒழுங்கா, குறுக்க பேசாம நீங்க பேசிக்கிட்டது இதுதான்னு நெனக்கிறேன்.

உன்ன மாதிரி சம்பளம் வாங்காம வீட்டப் பாத்துக்கிட்டவளா இருந்தா, "அவ என்ன சம்பாதிச்சா"ன்னு ஒரு பேச்சு வரும். 2023 ஜூன்ல நெய்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒண்ணோட வழக்கு உயர் நீதிமன்றத்துல முடிஞ்சுது. புருஷன் சவூதியில சம்பாதிச்சாரு, பொண்டாட்டி இங்க வீட்டையும் பிள்ளைகளையும் பாத்துக்கிட்டா. அவ வீட்டப் பாத்ததாலதான் அவரு சம்பாதிக்க முடிஞ்சுது, அதனால வாங்குன சொத்துல அவளுக்கும் சமபங்கு உண்டுன்னு நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி எழுதுனாரு. அதுக்காக எல்லாச் சொத்துக்கும் தானா பாதி வந்துரும்னு கணக்குப் போடாத. நம்ம நாட்டுல அப்படிப் பொதுச் சட்டம் எதுவும் இல்ல. ஒவ்வொரு வழக்கும் அதது சாட்சிய வச்சு.

நகைக்கு வா. கழுத்து உன்னது, நகையும் உன்னது. சீதனம் பொண்ணுக்கே சொந்தம்னு 1985லயே சொல்லியாச்சு. கஷ்டத்துக்குப் புருஷன் எடுத்துப் பொரட்டுனாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவன்னு 2024லயும் உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. ஆனா அடகுச் சீட்டுல யாரு பேரு? மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுப் பக்கம் தம்பி பேர்ல வச்ச ஆரம் அது. வட்டி ஏறி ஏலத்துக்குப் போற கடுதாசி, தம்பி விலாசத்துக்குத்தான் போகும். நீ அம்மா வீட்டுல இருப்ப. ஆரம் போனது ஒனக்குத் தெரியறப்ப, அது வேற ஒரு கல்யாணத்துல இன்னொருத்தி கழுத்துல மின்னும். இன்னிக்கே அந்தச் சீட்ட முன்னும் பின்னும் போட்டோ புடி. மீக்குற பொறுப்பு யாருது, எந்தத் தேதிக்குள்ளன்னு ஒப்பந்தத்துல கெராம் கணக்கோட எழுது.

தம்பி, நீ உன் மச்சான் கார் லோனுக்கு ஜாமீன் போட்டல்ல? சொல்லவே இல்லியே! தீர்ப்போட அவன் மச்சான் இல்ல, ஆனா நீ ஜாமீன்தாரன்தான். 1872ஆம் வருசத்து ஒப்பந்தச் சட்டம், கடன்காரன் எவ்வளவோ ஜாமீன்தாரனும் அவ்வளவுங்குது. அவன் கார்ல ஏசி போட்டுக்கிட்டு ஓஎம்ஆர்ல போவான், தவணைக்கு நீ தொங்குவ. அவன் வேற ஜாமீன்தாரன வைக்கிற வரைக்கும் பிரியற ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடாத.

சில்லறையெல்லாம் சீக்கிரம் சொல்லிடுறேன். சேந்த கணக்க முடிச்சுருங்க. கூடுதல் கிரெடிட் கார்ட வாங்கி வெட்டிப் போடுங்க, அதுல அவ செலவழிச்சாலும் பில்லு மூல கார்டுக்காரனுக்குத்தான். இன்சூரன்சுல நாமினி பேரு தீர்ப்பு வந்தா தானா மாறாது, படிவம் குடுத்து மாத்தணும். மாத்தாம செத்தா, ரெண்டாங் கல்யாணத்துக்காரி வந்து போடுற சண்டைய நான் பாக்க வேண்டியிருக்கும். ரேஷன் கார்டுல பேரு நீக்காம ஆத்தாவுக்குத் தனிக் கார்டு கெடையாது.

கடைசியா ஒரு கடன். அத எந்தக் கோர்ட்டும் பிரிச்சுத் தராது. மொய் நோட்டு. எங்க பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து வைக்கிற பூமி, அங்க பொறந்தவன்கிட்ட இத ஏமாத்த முடியாது. மாப்ள வீட்டு மொய் மாப்ள நோட்டுல, பொண்ணு வீட்டு மொய் பொண்ணு நோட்டுல, அதது அவங்கவங்க திருப்பட்டும். சிக்கல் அந்த மூணாவது நோட்டு. சோழிங்கநல்லூர் ஆபீஸ்காரங்க ரெண்டு பேருக்கும் பொதுவா வச்சது. அவங்க வீட்டு விசேஷம் ஒவ்வொண்ணா இப்ப வருது, பத்திரிகையும் "குடும்பத்தோட வாங்க"ன்னு வருது. யாரு போறது, யாரு திருப்புறது? ஒருத்தன் கவருல பாதி, இன்னொருத்தி கவருல பாதின்னு வச்சா, எழுதுறவன் குழம்பி ஒரு வரிய விட்டுருவான். பட்டியல இப்பவே ரெண்டாக் கிழிங்க, பேருக்கு நேரா ஆள எழுதுங்க. தேதி மறந்துபோற பந்தி எதுவாச்சும் இருந்தா எனக்குச் சொல்லுங்க, சாப்பாட்டு நேரத்துக்கு நான் போய்ட்டு வந்துடுறேன். மொய்க்காசு மட்டும் முன்னாடியே குடுத்துருங்க.