மறுபிறவித் துறைக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

கடவுள் கிடையாது, ஆன்மா கிடையாது, மதம் என்பது மக்களை மயக்கும் சரக்கு. இதையெல்லாம் ஒப்புக்கொண்டால்தான் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக முடியும். செத்துப்போன லாமா அடுத்து எங்கே பிறக்கலாம், எங்கே பிறக்கக் கூடாது என்று உத்தரவு போடுவதும் அதே கட்சிதான். உலகத்தில் வேறு எந்த நாத்திகனுக்கும் வாய்க்காத அதிகாரம் இது. கைதட்டாமல் இருப்பது அநியாயம்.

2007 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது அந்நாட்டு மத விவகாரத் துறையின் 5ஆம் எண் ஆணை. திபெத்திய பௌத்தத்தின் ‘வாழும் புத்தர்கள்’ மறுபிறவி எடுப்பதை ஒழுங்குபடுத்தும் விதிகள், மொத்தம் 14 பிரிவுகள். மறுபிறவிக்கு மடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்த மடம் முறைப்படி பதிவானதாக இருக்க வேண்டும். பிறந்து வருகிறவரை வளர்த்துப் படிக்கவைக்க அதற்கு வசதி இருக்க வேண்டும். சாதாரண லாமா என்றால் மாகாண மத விவகாரத் துறை அனுமதிக்கும். கொஞ்சம் செல்வாக்குள்ளவர் என்றால் மாகாண அரசு. பெரிய செல்வாக்கு என்றால் பீஜிங்கில் உள்ள துறை. மிகப் பெரிய செல்வாக்கு என்றால் சீன அமைச்சரவை. நம்மூரில் வாரிசுச் சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இந்த வரிசை புரியும். ஒரே வித்தியாசம், அங்கே செத்தவரே வாரிசு.

அனுமதி இல்லாமல் மறுபிறவியைத் தேடுவதும் அறிவிப்பதும் குற்றம். வெளிநாட்டு அமைப்போ வெளிநாட்டில் இருப்பவரோ இதில் தலையிடக் கூடாது. 1960இலிருந்து தர்மசாலாவில் இருக்கும் தலாய் லாமாவுக்குத் தன் அடுத்த பிறவியைப் பற்றி வாய் திறக்க உரிமை இல்லை என்பதுதான் இதன் பொழிப்புரை. 2016 ஜனவரியில் அரசு அங்கீகாரம் பெற்ற வாழும் புத்தர்களின் பட்டியலை இணையத்தில் வெளியிட்டார்கள். மொத்தம் 870 பேர். தலாய் லாமா பெயர் அதில் இல்லை. போலிகளிடம் மக்கள் ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பட்டியலாம்.

கட்சியின் ஆன்மிக முதிர்ச்சிக்கு இன்னொரு சான்றும் உண்டு. தன்னோடு இந்தப் பரம்பரையே முடிந்துபோகலாம் என்று தலாய் லாமா சொல்லிக்கொண்டிருந்த காலம். 2015இல் திபெத் தன்னாட்சிப் பகுதியின் மூத்த கட்சித் தலைவர் பத்மா சோலிங் கொதித்தெழுந்தார். இது பௌத்த மதத்தையே இழிவுபடுத்தும் பேச்சு, அவர் பிறக்க மாட்டேன் என்றால் விட்டுவிடுவதா என்று கேட்டார். மத நிந்தனைக்காக மனம் புண்பட்ட கம்யூனிஸ்டை வரலாறு அன்றுதான் கண்டது. தலாய் லாமாவும் சும்மா இருக்கவில்லை. மறுபிறவியில் இவ்வளவு அக்கறை என்றால் முதலில் மாவோவும் டெங் சியாவோபிங்கும் எங்கே பிறந்திருக்கிறார்கள் என்று தேடுங்கள் என்றார். அந்தக் கோப்பு இன்னும் நகரவில்லை.

கட்சி தன் உரிமைக்குக் காட்டும் ஆதாரம் ஒரு தங்கக் குடம். 1792இல் கூர்க்காக்களைத் திபெத்திலிருந்து விரட்டிய கையோடு, சிங் பேரரசர் சியான்லோங் அனுப்பிவைத்தது. மறுபிறவி என்று கருதப்படும் சிறுவர்களின் பெயர்களை எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும் என்று மறு ஆண்டு 29 விதிகள் வந்தன. அதே போரில் கூர்க்காக்களுக்குத் துணைபோனதாகக் குற்றம் சாட்டப்பட்ட 10ஆம் ஷாமர்பா லாமா இனிப் பிறக்கவே கூடாது என்றும் தடை விழுந்தது. மன்னராட்சியின் மிச்சம்மீதி அத்தனையையும் புரட்சி எரித்தது. இந்தக் குடத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது. 9, 13, 14ஆம் தலாய் லாமாக்கள் குடத்தில் கை விடாமலேயே தேர்வானவர்கள் என்ற வரலாறு கட்சியின் பாடப்புத்தகத்தில் அடிக்குறிப்பாகிவிடுகிறது.

குடம் எப்படி வேலை செய்கிறது என்பதை 1995 காட்டியது. தலாய் லாமாவுக்கு அடுத்த நிலையில் உள்ள 10ஆம் பஞ்சன் லாமா 1989 ஜனவரியில் இறந்திருந்தார். அவர் கட்சியை நம்பி உள்ளேயே தங்கியவர். 1962இல், 70,000 எழுத்து மனு என்று பெயர்பெற்ற அறிக்கையைப் பீஜிங்கிடம் கொடுத்தார். திபெத்தில் இருந்த 2,500க்கும் மேற்பட்ட மடங்களில் எழுபது சொச்சம்தான் மிஞ்சின என்று அதில் எழுதினார். கலாசாரப் புரட்சி தொடங்குவதற்கு நாலு வருடம் முந்தைய கணக்கு இது. அந்த மனுவுக்கு மாவோ வைத்த பெயர் ‘நச்சு அம்பு’. எழுதியவருக்குக் கிடைத்த பரிசு ஒன்பது ஆண்டுக்கு மேல் சிறை.

அவருடைய மறுபிறவி என்று 1995 மே 14இல் தலாய் லாமா ஒரு சிறுவனை அறிவித்தார். பெயர் கெதுன் சோக்கி நீமா, வயது ஆறு. மூன்றாம் நாள் பையனையும் பெற்றோரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தேடுதல் குழுவுக்குத் தலைமை தாங்கிய தஷி லுன்போ மடாதிபதி சாத்ரல் ரின்போச்சேக்கு ஆறு ஆண்டு சிறை. நவம்பர் 29 அன்று லாசாவின் ஜோகாங் கோயிலில் குடம் குலுக்கி இன்னொரு பையனைப் பஞ்சன் லாமா ஆக்கினார்கள். அந்தச் சடங்கில் இருந்தவர் கும்பும் மடாதிபதி ஆர்ஜியா ரின்போச்சே. 1998இல் அமெரிக்காவுக்குத் தப்பிப்போன அவர் பின்னால் சொன்னது இது: வேண்டிய பெயர் கைக்கு முதலில் தட்டுப்படும்படி ஒரு குச்சிக்கு அடியில் பஞ்சு வைத்ததாக அதிகாரியே தன்னிடம் ஒப்புக்கொண்டாராம். இயங்கியல் பொருள்முதல்வாதத்துக்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது. பொருள், பஞ்சு. இயக்கம், கட்சியின் கை.

ஆறு வயதில் போன பையனை அதன்பின் வெளியார் யாரும் பார்க்கவில்லை. 2020இல் பீஜிங் சொன்னது, அவர் பட்டம் பெற்றுவிட்டார், வேலையில் இருக்கிறார், தொந்தரவை விரும்பவில்லை. புகைப்படம்? கிடையாது. எந்தக் கல்லூரி? தெரியாது. 870 பேருடைய அடுத்த பிறவிக்கு ஆவணம் வைத்திருக்கிற அரசிடம், தானே தூக்கிக்கொண்டுபோன ஒரு குழந்தையின் இந்தப் பிறவிக்குக் காட்ட ஒரு காகிதம் இல்லை.

பழைய திபெத் சொர்க்கமா என்று கேட்பார்கள். இல்லை. பிரபுக்களும் மடங்களும் நிலத்தை வளைத்துக்கொண்டு குடியானவர்களை நிலத்தோடு கட்டிப்போட்டிருந்தார்கள். மறுபிறவியிலும் அரசியல் நடந்தது. 3ஆம் தலாய் லாமாவுக்குப் பட்டம் கொடுத்த மங்கோலிய மன்னன் அல்தான் கானின் குடும்பத்திலேயே 4ஆம் தலாய் லாமா பிறந்தார். அவ்வளவு வசதியான பிறவி. 5ஆம் தலாய் லாமா 1682இல் இறந்ததை அவர் பெயரில் ஆட்சி நடத்தியவர் 15 ஆண்டு மறைத்து வைத்தார். 9 முதல் 12 வரை நான்கு தலாய் லாமாக்கள் இளவயதிலேயே செத்தார்கள். பதிலாட்சி செய்தவர்கள் பக்கம் சந்தேகக் கண்கள் திரும்பின. இதையெல்லாம் திபெத்தியர்களே பேசட்டும், திட்டட்டும், திருத்தட்டும். அடிமை முறையை ஒழித்தோம் என்று மார்தட்டுகிறவர்கள், அதற்காக ஆறு வயதுப் பையனை ஏன் சிறைபிடித்தார்கள் என்று மட்டும் சொல்வதில்லை. ஏறத்தாழ 10 லட்சம் திபெத்தியக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, சீன மொழி உறைவிடப் பள்ளிகளில் போட்டிருப்பதாக 2023 பிப்ரவரியில் ஐ.நா. நிபுணர்கள் எச்சரித்தார்கள். அடுத்த பிறவியைத் தேடித் திரிவானேன், இருக்கிற பிறவியையே மாற்றி எழுதிவிடலாம் என்று கட்சி கண்டுபிடித்துவிட்டது. 2009 முதல் 150க்கும் மேற்பட்ட திபெத்தியர்கள் தங்களுக்குத் தாங்களே தீ வைத்துக்கொண்டது வேறு எந்த விண்ணப்பத்துக்கும் பதில் வராததால்தான்.

மற்ற நாடுகளின் முதுகெலும்பையும் கொஞ்சம் தடவிப் பார்ப்போம். 1950இல் சீனப் படை திபெத்துக்குள் நுழைந்தபோது விவகாரத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோன நாடு எல் சால்வடார். பிரிட்டனும் இந்தியாவும் அதைத் தள்ளிப்போட வைத்தன. 1954இல் திபெத் சீனாவின் பகுதி என்று ஒப்பந்தம் எழுதி, அதன் முகப்பிலேயே பஞ்சசீலத்தைப் பொறித்தோம். புத்தரின் ஐந்து ஒழுக்கங்களின் பெயரைச் சொல்லி, பௌத்த நாட்டைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெருமை நமக்கே உரியது. 1904இல் துப்பாக்கியோடு லாசாவுக்குப் போன பிரிட்டன், திபெத் மீது சீனாவுக்கு முழு இறையாண்மை இல்லை என்ற தன் பழைய நிலைப்பாடு காலாவதியானது என்று 2008இல் சொல்லி, அதைக் கைகழுவியது. 2018இல் தலாய் லாமாவின் பொன்மொழி ஒன்றை இன்ஸ்டாகிராமில் போட்ட குற்றத்துக்காக மெர்சிடிஸ் பென்ஸ் சீனாவிடம் மன்னிப்புக் கேட்டது. காருக்கு இருக்கும் பயம் நாடுகளுக்கு இருக்கக் கூடாதா?

2025 ஜூலை 2இல், 90 வயதை எட்டவிருந்த தலாய் லாமா அறிவித்தார்: பரம்பரை தொடரும், அடுத்தவரை அடையாளம் காணும் உரிமை தன் காதென் போத்ராங் அறக்கட்டளைக்கு மட்டுமே. பீஜிங் உடனே குடத்தை நீட்டியது. மத நம்பிக்கை விவகாரங்களில் நாங்கள் நிலைப்பாடு எடுப்பதில்லை என்றது நம் வெளியுறவு அமைச்சகம்.

எனவே நடக்கப்போவது தெரிந்ததுதான். ஒரு நாள் இரண்டு 15ஆம் தலாய் லாமாக்கள் இருப்பார்கள். ஒருவரைத் திபெத்தியர்கள் வணங்குவார்கள். இன்னொருவருக்கு அமைச்சரவையின் முத்திரை இருக்கும். முத்திரை உள்ளவர் விமானத்தில் வந்து இறங்கும்போது எந்தெந்தத் தலைநகரங்கள் சிவப்புக் கம்பளம் விரிக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். இன்று நிலைப்பாடு இல்லை என்கிறவர்கள் அன்றைக்கும் அதையே சொல்வார்கள், மாலையைக் கையில் வைத்துக்கொண்டு.