அந்த வசனம் யாருக்கு?
கேள்வி-பதில்

வாசகர், மார்த்தாண்டம்: மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் 5-ல் இருக்கிறது. வீட்டில் அதை வாசித்துக் காட்டினேன். இரண்டு நாளாய்ப் பேச்சுவார்த்தை இல்லை. நான் செய்ததில் என்ன தப்பு?

அடுத்தவர் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரித்ததுதான் தப்பு. 22 முதல் 24 வரையுள்ள வசனங்கள் உங்கள் மனைவிக்கு. 25-ல் பவுல் உங்கள் பக்கம் திரும்புகிறார்; அதிகாரம் முடியும்வரை உங்களை லேசில் விடுவதில்லை. சபைக்காகக் கிறிஸ்து உயிரைக் கொடுத்தாரே, அதுதான் உங்களுக்கு வைத்த அளவு. இதற்கெல்லாம் முன்னால் 21-ம் வசனம் நிற்கிறது. ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் அந்த வசனத்தில் ஆண், பெண் பேதம் கிடையாது. மனைவியைக் கீழ்ப்படிய வை என்று கணவனுக்கு ஒரு வரிகூட அங்கே இல்லை, தேடிப் பாருங்கள்.

அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே குடும்பத்தை நடத்துவது பற்றி எழுதியவர்கள் வீட்டுத் தலைவனிடம்தான் பேசினார்கள்: மனைவியை எப்படி ஆள்வது, பிள்ளையை எப்படி ஆள்வது, அடிமையை எப்படி ஆள்வது. பவுல் மனைவியையும் பிள்ளையையும் அடிமையையும் நேருக்கு நேர் கூப்பிட்டுப் பேசினார். அன்று சபை கூடியது யாராவது ஒருவர் வீட்டில். கடிதத்தை ஒருவர் உரக்க வாசிப்பார், எல்லாரும் கேட்பார்கள். கணவனுக்குச் சொன்னது மனைவியின் காதிலும் விழுந்தது. தகப்பனுக்குச் சொன்னதைப் பிள்ளையும் கேட்டது. அந்த வீட்டில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் 25-ம் வசனம் வரும்போது எல்லாரும் உங்களைத்தான் பார்த்திருப்பார்கள். முதலில் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

வாசகி, திருச்சி: கணவரைவிட நான் அதிகம் சம்பாதிக்கிறேன். உறவுக்காரர்கள் இதை வேதத்துக்கு விரோதம் என்கிறார்கள்.

நீதிமொழிகள் 31-ல் நிலத்தை விசாரித்து வாங்கியவள் மனைவி. தன் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போட்டவளும் அவளே. கணவன் ஊர்வாசலில் பெரியவர்களோடு மரியாதையாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. உறவுக்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது?

வாசகர், நாகர்கோவில்: நாங்கள் எதுவும் கேட்கவில்லை, பெண் வீட்டார் அவர்களாகவே ஆசைப்பட்டுப் போடுகிறார்கள். அதுவும் வரதட்சணையா?

‘எதுவும் கேட்கவில்லை’ என்கிறீர்கள். ‘உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவதைப் போடுங்கள்’ என்று யாராவது சொன்னார்களா? அது கேட்டதுதான். பெரிய மருமகளுக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தால் அதுவும் கேட்டதுதான்.

வேதத்தில் ராகேலுக்காக ஏழு வருஷம் உழைத்தவன் மாப்பிள்ளை யாக்கோபு. மாமனார் ஏமாற்றிய பிறகு இன்னும் ஏழு வருஷம் உழைத்தான். பெண்ணுக்குப் பெற்றோர் கொடுப்பதும் உண்டு: காலேப் தன் மகள் அக்சாளுக்கு நிலமும் நீரூற்றுகளும் கொடுத்தான். ஆனால் கேட்டு வாங்கியவள் மகள், கேட்டது தன் தகப்பனிடம். உங்கள் வீட்டில் அந்த நகை யார் பீரோவில் இருக்கப்போகிறது, சாவி யார் இடுப்பில் என்பதைப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

வரதட்சணையைக் கேட்பதும் வாங்குவதும் கொடுப்பதும் 1961 முதல் குற்றம். ஆலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்கிறோம். பேரம் பேசி முடித்த கல்யாணம் என்று பாதி சபைக்குத் தெரிந்திருக்கும்போதும் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. எனக்கு அது மிகவும் வலிக்கிறது.

பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். போதகரிடம் சொன்னேன். பொறுமையாய் இரு, ஜெபி, அவர் மாறுவார் என்றார். எத்தனை நாள்?

ஒரு நாளும் வேண்டாம் அம்மா. முதலில் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பாதுகாப்பு உத்தரவையும் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

சவுல் அபிஷேகம் பெற்ற ராஜா. அவன் ஈட்டி எறிந்தபோது, அடுத்ததும் எறியட்டும், பொறுத்துக்கொள்கிறேன் என்று தாவீது நிற்கவில்லை. அன்று ராத்திரியே தப்பினான். ஜன்னல் வழியாக அவனை இறக்கிவிட்டவள் சவுலின் சொந்த மகள் மீகாள். அதைப் பாவம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. பிற்பாடு என்கேதி குகையில் சவுல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தாவீது அவனைக் கொல்லவில்லை. மன்னித்தான், ஆனால் அரண்மனைக்குத் திரும்பிப்போய் அதே பந்தியில் உட்காரவில்லை. நீங்களும் அவரை மன்னிக்கலாம். அதற்காக அடி விழும் தூரத்தில் இருக்கவேண்டியதில்லை.

உங்கள் போதகருக்கும் ஒரு வார்த்தை. மனைவியை மதித்து நடத்தாத கணவனின் ஜெபம் தடைபடும் என்று 1 பேதுரு 3:7 எச்சரிக்கிறது. ஐயா, உங்களை நம்பி வந்த பெண்ணிடம் ஜெபிக்கச் சொன்னீர்கள். அந்தக் கணவனைக் கூப்பிட்டு இந்த வசனத்தைச் சொன்னீர்களா?

வாசகர், மதுரை: பிரம்பைக் கையாளாதவன் மகனைப் பகைக்கிறான் என்று நீதிமொழிகளிலேயே இருக்கிறதே?

பிள்ளைகள் மனம் சோர்ந்துபோகும்படி அவர்களைக் கோபப்படுத்தாதே என்று கொலோசெயர் 3:21-லும் இருக்கிறது, அதுவும் தகப்பன்மாருக்கென்றே. உங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் பையன் வாசலுக்கு ஓடிவருகிறானா, உள்ளறைக்குப் போய்விடுகிறானா?

வாசகர், தூத்துக்குடி: தசமபாகம் தவறாமல் கொடுக்கிறேன். அம்மாவின் மருந்துச் செலவைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும் என்றால் கோபப்படுகிறான்.

நியாயமான கோபம். பெற்றோருக்குச் செய்யவேண்டியதை ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை மாற்கு 7-ல் இயேசு கண்டித்தார். சிலுவையில் தொங்கும்போதுகூடத் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தவர் அவர். மருந்துச் சீட்டை இன்றே தம்பியிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசகர், கோவை: முதலாளி நல்ல விசுவாசி. சம்பளம் இரண்டு மாதம் பாக்கி. கேட்டால் ‘ஜெபித்துக்கொள்வோம் தம்பி’ என்கிறார்.

கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது உபாகமம் 24. பிடித்து வைத்த கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் என்கிறது யாக்கோபு நிருபம். முதலாளி ஜெபிக்குமுன் அவர் வைத்திருக்கும் பணம் ஜெபிக்க ஆரம்பித்துவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள். தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுப்பதும் விசுவாசக் குறைவு ஆகாது.

வாசகி, சென்னை: வீட்டு வேலை செய்யும் அக்கா ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்கிறார். ஆராதனை முடிந்து விருந்தாளிகள் வரும் நாளே அதுதான்.

ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை வரைக்கும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. சம்பளத்தோடு லீவு கொடுங்கள். பாத்திரத்தை விருந்தாளிகளும் கழுவலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அந்த அக்காவுக்கென்று ஒரு டம்ளர் சமையலறை ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறதா? கொலோசெ சபைக்குப் பவுலின் கடிதத்தோடு போனவர்களில் ஒநேசிமுவும் ஒருவன். பிலேமோனுக்கு அடிமையாயிருந்தவன். அவனை இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக, என்னையே ஏற்பதுபோல ஏற்றுக்கொள் என்று பவுல் பிலேமோனுக்குத் தனிக் கடிதமே எழுதினார். அந்த டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு வையுங்கள்.

வாசகி, பாளையங்கோட்டை: நானும் அவரும் ஒரே சபை, ஒரே பாடகர் குழு. சாதி வேறு. அப்பா சபையில் மூப்பர். சம்மதிக்க மாட்டேன் என்கிறார். பெற்றோருக்குக் கீழ்ப்படியாதது பாவமா?

அப்பாவை மதித்துப் பேசுங்கள், பொறுத்திருங்கள், அவர் உங்களை வளர்த்தவர். ஆனால் அவர் சொல்லும் காரணம் வேதத்தில் இல்லை. மறுமணம் செய்யும் விதவைக்குப் பவுல் வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: கர்த்தருக்குள் நடக்கட்டும். மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததைக் குறைசொன்ன மிரியாம் குஷ்டம் பிடித்து ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருந்தாள். மோவாபியப் பெண் ரூத்தின் பெயர் மத்தேயு முதல் அதிகாரத்தில், இயேசுவின் வம்ச வரலாற்றிலேயே இருக்கிறது. உங்கள் அப்பா அந்த அதிகாரத்தைச் சபையில் வாசித்திருப்பார். வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரூத்தின் பெயர் வரும் வரியை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.