ரிமோட்டுக்கு ஒரு வாய்ப்பு

கேள்வி: டி.வி. ரிமோட்டில் நான்கைந்து பட்டன்கள் வேலை செய்யவில்லை. புதிது வாங்கிவிடலாமா? – ஒரு வாசகி, பள்ளிப்பட்டு

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா! எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு வரைக்கும் போக வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ இருந்தால் எடுத்து, விளிம்பை மெல்ல நெம்புங்கள். ரப்பர் பட்டன்களின் அடியில் கறுப்புக் கார்பன் புள்ளிகள் தெரியும். அவை சர்க்யூட் போர்டைத் தொட்டால்தான் இணைப்பு. சிந்திய டீயும் கைப்பிசுக்கும் நடுவில் குடியேறி, வாடகையும் தராமல் வழியை மறிக்கின்றன. பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுப் போர்டைத் துடையுங்கள். புள்ளிகளை மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள், கார்பன் உரிந்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் மாட்டி, செல்போன் கேமராவுக்கு நேரே அழுத்திப் பாருங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பெரும்பாலான கேமராக்களில் மினுங்கும். மினுங்கியும் எந்தப் பட்டனுக்கும் டி.வி. அசையாவிட்டால் சந்தேகம் டி.வி.யின் சென்சார் மீது. ரிமோட்டைத் திட்டாதீர்கள், பாவம்!